எத்தனை மணி நேரம் என்று கேட்பதற்கு முன்

(கோத்தகிரியில் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம்.

திறன்பேசி நம் பிள்ளைகளின் மனநலத்தைக் கெடுக்கிறதா என்பதை இங்குள்ள பள்ளிகளிலேயே ஆராய்ந்து பார்க்கலாம் என்று நீங்கள் எண்ணுவதாக அறிந்தேன். நல்ல எண்ணம். ஆனால் வினாத்தாளில் முதல் கேள்வியாக ‘ஒரு நாளில் எத்தனை மணி நேரம் செல் பார்க்கிறாய்?’ என்று அச்சடித்துவிடாதீர்கள்.

2019இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ப்ரிஷிபில்ஸ்கி என்னும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 3,55,358 வளரிளம் பருவத்தினரிடம் திரட்டப்பட்ட தரவுகளை அலசி, அவர்களின் மனநலத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டுக்கே டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்பு உண்டு என்று எழுதினர். உருளைக்கிழங்கு அடிக்கடி உண்பதற்கும் ஏறத்தாழ அதே அளவு எதிர்மறைத் தொடர்பு தென்பட்டதாம். அதற்காக ஊட்டிக் கிழங்கின் மேல் யாரும் வழக்குத் தொடரப் போவதில்லை. எனினும், தீங்கே இல்லை என்று இதை வைத்து முடிவுகட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நள்ளிரவு வரை ரீல்ஸ் பார்த்துத் தூக்கம் கெடும் மாணவியையும், திருப்பூரில் வேலை பார்க்கும் அக்காளோடு வாட்ஸ்அப்பில் பேசித் தெம்பு பெறும் மாணவியையும் சராசரி ஒன்றாகவே எண்ணுகிறது.

வயதும் முக்கியம். ஆர்பென் குழுவினர் 2022இல் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வில், 11 முதல் 13 வயதுப் பெண்களிடமும் 14, 15 வயது ஆண்களிடமும், சமூக ஊடகப் பயன்பாடு கூடியபோது அடுத்த ஆண்டில் வாழ்க்கை நிறைவு குறைந்திருந்தது. நிறைவு குறைந்தவர்கள் பின்னர் ஊடகத்தைக் கூடுதலாக நாடியதும் அதே ஆய்வில் தெரிந்தது. எது காரணம், எது விளைவு என்பதை ஒரே நாளில் எடுக்கும் கணக்கெடுப்பால் சொல்ல முடியாது.

இனி நம் மலைக்கு வருவோம். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் பெரும்பாலும் ஒரு செல்தான். பகலில் அது அப்பாவின் பையில் இருக்கும், இரவில் அண்ணன் கைக்குப் போகும், தங்கைக்குக் கிடைப்பது மிச்சப்பட்ட டேட்டா. 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புற இளையோரிடம் நடத்தப்பட்ட 2023ஆம் ஆண்டு அசர் (ASER) என்னும் கல்விநிலை ஆய்வில், திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினரும் பெண்களில் 19.8 விழுக்காட்டினருமே சொந்தமாக அதை வைத்திருந்தனர். கடன் வாங்கிய கருவியில் மணிக்கணக்கு எதைக் காட்டும்? யாருடைய செல், எந்த நேரத்தில் கைக்கு வருகிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அந்த நேரம் தூக்கத்திலிருந்து போகிறதா, விளையாட்டிலிருந்து போகிறதா என்றல்லவா கேட்க வேண்டும்? சொந்த செல் உள்ளவர்களிடமும் வாய்மொழிக் கணக்கை நம்பாமல், கருவியே காட்டும் திரைநேரப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். சொல்லும் கணக்கும் பதிவும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை.

ஆகவே, அதே மாணவர்களை ஓராண்டில் சில முறையேனும் சந்தியுங்கள். தேர்வு மாதத்தைத் தவிருங்கள். பெற்றோர் கையொப்பத்தோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். ஆனால் எந்த எண் யாருடையது என்ற பட்டியலைப் பொறுப்பான ஒருவர் பூட்டி வைத்திருக்க வேண்டும். ஏனெனில், சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதியிருந்தால், அந்தப் பிள்ளையிடம் அன்றைக்கே யார் போய்ப் பேசுவது, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ யார் அழைத்துக் கொடுப்பது என்பதை முதல் வினாத்தாளைக் கொடுக்கும் முன்பே நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும்.