மெஸ்ஸிக்கு அடுத்த இடத்தில் நின்ற இந்தியர்! அவர் ஜெர்சி ஏன் கடையில் இல்லை?

[திரையில்: 151 / 94]

வணக்கம் மக்களே! 151 சர்வதேச ஆட்டம், 94 கோல். 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் குவைத்தோடு ஆடிவிட்டுக் கண்ணீரோடு விடைபெற்றபோது இந்தியக் கால்பந்து கேப்டன் சுனில் சேத்ரியின் கணக்கு இது. அன்றைக்கு உலகில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தவர்களில் நாட்டுக்காக அவரைவிட அதிகம் கோல் அடித்தவர்கள் இரண்டே பேர்: ரொனால்டோ, மெஸ்ஸி.

சராசரி இன்னும் அழகு. மூன்று பேருமே ஐந்து ஆட்டத்துக்கு ஏறக்குறைய மூன்று கோல்! "எதிரணி யார் என்று பார்க்க வேண்டாமா?" என்பீர்கள். நியாயம்தான், பிரேசிலும் மாலத்தீவும் ஒன்றல்ல. ஆனால் அந்த இருவருக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தவர்கள் யார், சேத்ரிக்குக் கொடுத்தவர்கள் யார்? அதையும் அதே தராசில் வையுங்கள்.

முன்கதை சுருக்கமாக: பிறந்தது செகந்திராபாத், 2005இல் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஆட்டம், அதிலேயே கோல்.

சரி, இப்போது சென்னை பெரியமேடு வருவோம். நேரு ஸ்டேடியம் பக்கத்து ஸ்போர்ட்ஸ் கடை ஒன்றில் ஜெர்சி தேடினேன். வாசல் கம்பியில் வரிசையாக ரொனால்டோவின் 7, மெஸ்ஸியின் 10, மறுபடியும் 7. "அண்ணா, சேத்ரி 11 இருக்கா?" கடைக்காரர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யாராவது கேட்டாதான தம்பி எடுத்து வைக்க முடியும்?"

அந்தப் பதில்தான் என்னை 2018க்குக் கூட்டிப்போனது. ஜூன் 1, மும்பை. சீன தைபேயை (தைவான் அணிதான்) இந்தியா 5-0 என்று வெளுக்கிறது, சேத்ரி ஹாட்ரிக். பார்த்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 2,569! சேப்பாக்கத்தில் ஒரு ஸ்டாண்டுக்குக்கூடப் பத்தாது. மறுநாள் செல்போனைப் பார்த்து அவரே பேசி வீடியோ போட்டார். ஐரோப்பிய கிளப்களுக்கு ரசிகர்களாக இருக்கும் நம்ம ஊர்க்காரர்களிடம், எங்களைத் திட்டுங்கள், விமர்சியுங்கள், ஆனால் ஸ்டேடியத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கெஞ்சினார். ஒரு கேப்டன் கெஞ்சுகிறார் மக்களே! கோலியும் அவருக்காகக் குரல் கொடுத்தார். ஜூன் 4, கென்யாவுடன் ஆட்டம், சேத்ரிக்கு 100ஆவது. கொட்டுகிற மழை. டிக்கெட் மொத்தமும் காலி! 3-0. இரண்டு கோல் சேத்ரி, நடுவில் ஒன்று அப்போது நம்ம சென்னையின் அணியான சென்னையின் எஃப்.சி.யில் இருந்த ஜேஜே. மழையில் நனைந்துகொண்டே நின்று கத்திய அந்தக் கூட்டத்தின் வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

அதே ஆண்டு மார்ச்சில் அவர் பெங்களூரு எஃப்.சி.யில், நமக்கு எதிரணி. பெங்களூரில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனல், 9ஆவது நிமிடமே பாய்ந்து தலையால் முட்டி நம் வலையில் போட்டார். அப்புறம் நம்ம மெயில்சன் இரண்டு அடித்து, 3-2 என்று கோப்பையை நாம் தூக்கினோம். ஆனாலும் அந்த முதல் கோலைத் தேடிப் பாருங்கள், சென்னை ரசிகனாகச் சொல்கிறேன், அற்புதம்.

2025 மார்ச்சில் திரும்ப வந்து மாலத்தீவுக்கு எதிராக 95ஆவதையும் போட்டுவிட்டார், 40 வயதில்!

நேரு ஸ்டேடியத்தில் அவர் ஆடி நேரில் பார்த்தவர்கள், எந்த ஆட்டம் என்று கமெண்டில் எழுதுங்கள். பெரியமேடு பக்கம் போனால் அந்த அண்ணனிடம் 11 இருக்கா என்று கேட்டுவிட்டு வாருங்கள். நானும் மறுபடி போகிறேன்.