திருவையாற்று ராஜலட்சுமி

நேயர்களுக்கு வணக்கம்.

திருவையாறு என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? தை மாதத்து ஆராதனை, ஐயாறப்பர் கோயில், காவிரிப் படித்துறை, கடைத்தெருவில் வாங்கித் தின்கிற அசோகா. இந்த வரிசையில் இன்னொரு பெயரும் சேர வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். வானொலியில் ஒரு வசதி, நீங்கள் தலையாட்டுகிறீர்களா, அடுப்படியில் வேலையாக இருக்கிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. அதனால் தைரியமாகப் பேசலாம்.

அந்தப் பெயர் டி. பி. ராஜலட்சுமி. ‘டி’ என்பது திருவையாறு, ‘பி’ என்பது அப்பா பஞ்சாபகேச சாஸ்திரி. 1911ல் பிறந்தவர். தமிழ் பேசும் படத்தின் முதல் கதாநாயகி அவர்தான் என்பது பலருக்கும் தெரியும், வினாடி வினாக்களில் தவறாமல் கேட்கிற கேள்வி அது. ஆனால் தானே நாவல் எழுதி, அதைப் படமாக்கச் சொந்தக் கம்பெனி தொடங்கி, தானே இயக்கி, தானே நடித்தவரும் அவர்தான். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண். நான் இன்று சொல்ல வந்தது இந்த இரண்டாவது சங்கதி. முதல் சங்கதியைச் சட்டென்று சொல்லிவிட்டு அதற்கு வந்துவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ராஜலட்சுமிக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். குழந்தைக் கல்யாணத்துக்குத் தடை போட்ட சாரதா சட்டம் 1930ல்தான் அமலுக்கு வந்தது, இது அதற்கு வெகுகாலம் முந்தியது. கல்யாணம் நிலைக்கவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அம்மாவும் பெண்ணும் திருச்சிக்கு வந்தார்கள். வருமானம் கிடையாது, பெண்ணிடம் குரல் மட்டும் இருந்தது. அங்கே சாமண்ணா ஐயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது, அந்தச் சிறுமிக்காகப் பேசியவர் நாடகத் தலைமை ஆசிரியர் என்று நாம் கொண்டாடுகிற சங்கரதாஸ் சுவாமிகள். முதல் நாடகம் பவளக்கொடி.

பெண் வேஷத்தை ஆண்களே கட்டிய காலம் அது, குடும்பப் பெண் மேடை ஏறலாமா என்று ஊர் பேசியிருக்கும். ஆனால் நம் பக்கத்தில் பெண் மேடை ஏறுவது அப்படியொன்றும் கேள்விப்படாத விஷயம் இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னாலேயே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்க முழுக்கப் பெண்களை வைத்தே நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்க வருகிற கூட்டத்துக்காகவே தனி ரயில் விட்டார்கள் என்று கும்பகோணத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பாலாமணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைய நேரம் போதாது. ராஜலட்சுமிக்கு வருவோம்.

மைக் இல்லாத மேடை. அறுவடை முடிந்த வயலில் பந்தல் போட்டு, ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நாடகம். கடைசி வரிசையில் துண்டை விரித்துப் படுத்திருப்பவன் காதிலும் பாட்டு விழ வேண்டும், விழாவிட்டால் அவன் எழுந்து சத்தம் போடுவான். அந்தப் பயிற்சியில் வந்த குரல் ராஜலட்சுமியின் குரல். எஸ். ஜி. கிட்டப்பா, தியாகராஜ பாகவதர் போன்றவர்களுடன் மேடையில் நின்றவர். வேடிக்கை என்னவென்றால், அவர் முதலில் நடித்த சினிமா ஊமைப்படம்! 1929ல் ஏ. நாராயணன் எடுத்த கோவலன். காசு கொடுத்துக் கேட்க ஜனம் காத்திருந்த குரல், திரையில் வாயை மட்டும் அசைத்தது.

அப்புறம் வந்தது 1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் காளிதாஸ். முதல் இந்திப் பேசும் படத்தை எடுத்த பம்பாய் இம்பீரியல் கம்பெனியின் தயாரிப்பு, எச். எம். ரெட்டியின் இயக்கம். தான் உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டிய மாடு மேய்ப்பவன், காளியின் அருளால் மகாகவி ஆன கதைதான். இளவரசி வித்யாதரியாக ராஜலட்சுமி. அவர் தமிழில் பேசுவார், எதிரே நிற்பவர்கள் தெலுங்கிலும் இந்தியிலும் பதில் சொல்வார்கள். அதை யாரும் குறையாகவே நினைக்கவில்லை, பெட்டி பேசுகிறது, அது போதும். நடுவே மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய ராட்டினப் பாட்டு. காளிதாசனுக்கும் காந்தியின் ராட்டினத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நாடகம் பார்த்துப் பழகியவர்கள் கேட்கமாட்டார்கள். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டிப் பாடுவார்கள், எந்த வெள்ளைக் கொக்கு என்று கொட்டகை முழுக்கத் தெரியும், வாசலில் நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியும். நாடக நடிகர் விஸ்வநாததாஸ் அந்தப் பாட்டுகளுக்காகவே திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர்.

காளிதாஸில் தியாகராஜ கீர்த்தனையும் உண்டு. நேயர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த வருஷத்தில், தியாகராஜரின் சமாதியில் நடக்கிற ஆராதனையில் ஆண்களோடு பெண்கள் பாட இடம் இல்லை. சமாதிக்குக் கோயில் கட்டியதே பெங்களூர் நாகரத்தினம்மாள் என்கிற பெண்மணி, அவர் சொந்தக் காசில். அவருக்கே இடம் இல்லாமல் 1927ல் பெண்கள் கட்சி என்று தனியாக ஒரு கோஷ்டி நடத்த வேண்டிவந்தது. கட்சிகள் ஒன்றானது 1940களின் தொடக்கத்தில். திருவையாற்றில் பிறந்த ஒரு பெண்ணுக்குத் திருவையாற்றில் கிடைக்காத இடம், பம்பாயில் ஒரு மைக்குக்கு முன்னால் கிடைத்தது.

சரி, மைக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இப்போது போலப் பாட்டைத் தனியாகப் பதிவு செய்து பிறகு வாயசைக்கிற கதை அப்போது இல்லை. நடிக்கும்போதே பாட வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் காமிரா பார்வையில் படாமல் மரத்துக்குப் பின்னாலோ, செடிக்குப் பின்னாலோ ஒளிந்து உட்கார்ந்து வாசிப்பார்கள். நடுவில் ஒரு காக்கை கத்தினாலும் முதலிலிருந்து பாட வேண்டியதுதான். மேலே தகிக்கிற விளக்குகள். சென்னையில் பேசும் பட ஸ்டூடியோ வந்ததே 1934ல். அதுவரை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் குடும்பத்தோடு, சமையல்காரரோடு ரயில் ஏற வேண்டும்.

அப்படிக் கல்கத்தா போய் எடுத்த படம்தான் 1933ன் வள்ளி திருமணம். எடுத்தவர்களில் ஒருவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர் என்று அந்த ஊர் சொந்தம் கொண்டாடும். கொண்டாடட்டும். ஆனால் அவரைச் சினிமா பிடித்தது நம் திருச்சியில். 1905ல் இங்கே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் படம் காட்டி வந்த துபோன் என்கிற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பப் போகிறார், தன் படம் காட்டுகிற கருவியையும் சுருள்களையும் விற்கிறார். நம்ம ரயில்வேக்காரர் அதை வாங்கி, வேலையை விட்டு, கூடாரத்தோடு கிளம்பிவிட்டார். நிரந்தர வேலையை விட்டுவிட்டு! அன்றைக்கு அவர் வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அந்த மனிதர்தான் பிறகு திருவையாற்றுப் பெண்ணை வள்ளியாக்கினார். படம் பிரமாதமாக ஓடியது. அதில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தை ராஜலட்சுமி பிறகு மணந்துகொண்டார்.

அந்தப் படத்தை என் அத்தை, அப்பாவின் அக்கா, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் பார்த்தவர். சினிமா என்றால் காலை ஒடிப்பேன் என்கிற மாமியார். ஆனால் முருகன் கதை ஆயிற்றே, வேண்டாம் என்று சொல்ல அவருக்கும் நா எழவில்லை. மணல் தரையில் பெண்கள் பக்கம் தனியாக, நடுவே ஒரு தடுப்பு. முருகன் திரையில் வந்ததும் யாரோ சூடம் ஏற்றிவிட்டார்களாம், கொட்டகைக்காரர் ஓடிவந்து காலால் மிதித்து அணைத்தாராம். இதைச் சொல்லும்போது அத்தைக்குச் சிரிப்புத் தாங்காது.

அன்று வாங்கிய பாட்டுப் புத்தகத்தை அவர் நெல் குதிருக்குள் ஒளித்து வைத்திருந்தார். இளைய நேயர்களுக்காகச் சொல்கிறேன், அந்தக் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். அப்பளம் மாதிரி தொட்டால் உடைகிற காகிதம். பாட்டுக்கு மேலே ராகம், தாளம், இன்ன மெட்டு என்று போட்டிருக்கும். கடைசி அட்டையில் கூந்தல் தைல விளம்பரம். கதைச் சுருக்கத்தை முக்கால்வாசி சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பார்கள்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. புத்தகத்தை என் கையில் கொடுத்து, “முதல் அடியை மட்டும் வாசிடா” என்பார். நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் மீதிப் பாட்டை அவர் பாடி முடித்திருப்பார். நான் வாசித்தது தப்பு என்றும் சொல்வார். “மெட்டு தெரியாதவனுக்குப் புஸ்தகம் எதுக்கு?” வள்ளி பாட்டுப் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் பூசின கட்டைவிரல் ரேகை ஒன்று பதிந்திருக்கும். அத்தை போன பிறகு வீட்டை இடித்துக் கட்டினார்கள். நான் போவதற்குள் குதிரும் போய்விட்டது, உள்ளே இருந்ததெல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போய்விட்டது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், விஷயமே இங்கேதான் இருக்கிறது. காளிதாஸ் படத்தின் பிரதி இன்று எங்கும் கிடையாது. ராஜலட்சுமி இயக்கிய படமும் கிடையாது. அந்தக் காலத்துப் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். ஊர் ஊராக ஓடிக் கிழிந்தவற்றை, அதில் இருக்கிற வெள்ளிக்காக உருக்கினார்கள். படம் அழிந்தாலும் நடிகைக்கு ஏதாவது மிஞ்சும். புகைப்படம், இசைத்தட்டு, பாட்டுப் புத்தக அட்டையில் முகம். பாட்டு எழுதியவருக்கும் அச்சில் பெயர் மிஞ்சும். இயக்கியவருக்கு என்ன மிஞ்சும்? காமிராவை எங்கே வைத்தார், ஒரு காட்சியை எங்கே வெட்டினார், அழுகிற காட்சியில் யார் முகத்தைக் காட்டினார், எல்லாம் அந்தச் சுருளுக்குள் இருந்தவை. சுருள் போனால் வேலையே போயிற்று. அதனால்தான் ராஜலட்சுமியை நடிகையாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். மறதி மட்டும் காரணம் இல்லை. ஆண் இயக்குநர்களுக்கும் இதே கதிதான், ஆனால் அவர்களுக்கு அடுத்தடுத்துப் படம் கிடைத்தது. ஒன்று அழிந்தால் இன்னொன்று மிஞ்சியது. பாபநாசத்திலிருந்து போன இயக்குநர் கே. சுப்பிரமணியத்துக்குத் தியாகபூமி படம் மிஞ்சியிருக்கிறது, அதைப் பார்த்து அவர் எப்படிப்பட்டவர் என்று நாம் பேசலாம். ராஜலட்சுமிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆகவே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். அட்டை இல்லாவிட்டாலும், செல் அரித்திருந்தாலும் போடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இவற்றைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. இதை மறுபடியும் சொல்கிறேன், எடைக்குப் போடாதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரத்தைக் காட்டுகிறார்கள். முக்கியமானதற்கு இப்போதுதான் வருகிறேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

மிஸ் கமலா, 1936. அவரே எழுதிய கமலவல்லி நாவல்தான் கதை. ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்பது அவர் கம்பெனி. புராணப் படம் எடுத்தால் போட்ட காசு திரும்பும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த நாளில், சமூகக் கதையைத் துணிந்து எடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். பிறகு மதுரை வீரனையும் இயக்கினார், வி. ஏ. செல்லப்பா நாயகன். மதுரை வீரன் என்றால் நமக்கு 1956ல் எம்.ஜி.ஆர். நடித்ததுதான் நினைவு வரும், இது அதற்கு ரொம்ப முந்தியது. 1938ல் நந்தகுமாரில் யசோதை. முதல் கதாநாயகி இருபத்தேழு வயதிலேயே அம்மா வேஷத்துக்குப் போய்விட்டார்! அதே படத்தில்தான் ஒருவர் நடிக்க வேறொருவர் பின்னாலிருந்து பாடுகிற முறை தமிழுக்கு வந்தது. பாடத் தெரியாதவரும் கதாநாயகி ஆகலாம் என்று ஆன பிறகு, பாடி நடித்தவர்களின் காலம் மெல்ல மெல்ல... அதைத் தனியாகப் பேச வேண்டும். 1961ல் கலைமாமணி கொடுத்தார்கள். 1964ல் காலமானார். அவர் எழுதிய மற்ற நாவல்களைப் பற்றியும் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன், இனி நேரம் இல்லை. வணக்கம்.