கோடு மேடா, பள்ளமா? ஒரு ரூபாய்க்கு 2,200 ரூபாய் கேட்ட கதை

வணக்கம் நண்பர்களே. இன்று ஹைதராபாத் நாணயச் சாலையின் அடையாளமான நட்சத்திரக் குறி பற்றிய வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரட்டும். இந்தக் கோபத்தைக் கொட்டினால்தான் எனக்கு மற்ற வேலை ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு மேசையில் 1998ஆம் ஆண்டின் ஒரு ரூபாய், நமக்குப் பழக்கமான அந்த எஃகு நாணயம், அட்டைச் சட்டத்துக்குள் இருந்தது. மேலே 'அச்சு விரிசல், மிக அரிது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். விலை 2,200 ரூபாய். நான் தயங்கி நின்றதும் விற்பவர் முன்னூறு குறைத்துத் தருவதாகச் சொன்னார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். குறுக்கே ஓடிய கோடு பள்ளமாக இருந்தது! யாரோ கூரான பொருளால் கீறியிருக்கிறார்கள். அதற்கு இரண்டாயிரத்து இருநூறா? அந்தப் பணத்தில் நல்ல பத்து மடங்கு லென்ஸும் எடை பார்க்கும் சின்னத் தராசும் வாங்கிவிடலாம். முன்னூறு குறைத்தாலும் வாங்கலாம். கீறலுக்கு விலையே கிடையாது, அப்புறம் எதில் தள்ளுபடி?

விஷயம் இதுதான். நாணயம் அடிக்கும் அச்சு கெட்டியான எஃகு. லட்சக்கணக்கில் அடித்து அடித்து அது வெடிக்கிறது. அடி விழும்போது, நாணயமாகப் போகிற வெற்று வட்டத் தகட்டின் உலோகம் அந்த வெடிப்புக்குள் பிதுங்கி ஏறுகிறது. அதனால் அச்சு விரிசல் நாணயத்தில் எப்போதும் மேடாகத்தான் வரும். முறுக்கு அச்சில் ஒரு துளை கிழிந்தால் பிழிகிற முறுக்கிலெல்லாம் அதே பிசிறு வரும் அல்லவா, அப்படித்தான். அதே இடத்தில் அதே கோடு இன்னொரு நாணயத்திலும் கிடைத்தால் அது அச்சின் வேலை என்பது உறுதி.

எனக்கு அப்படி ஒரு ஜோடி கிடைத்திருக்கிறது! கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன், பாருங்கள். மளிகைக் கடைச் சில்லறையில் வந்தவை. முதலாவதில் மெல்லிய மேட்டுக் கோடு விளிம்பில் தொடங்கித் தானியக் கதிரின் அடியில் நிற்கிறது. இரண்டாவதில் அதே கோடு கதிரைத் தாண்டி '1' என்ற எண்ணின் கால்வரை வந்துவிட்டது. ஒரே அச்சு, நாள் ஆக ஆக விரிசல் நீண்டிருக்கிறது. எது முன்பு அடிக்கப்பட்டது, எது பிறகு என்று நாமே வரிசைப்படுத்தலாம். இதை யாராவது பத்தாயிரத்துக்குக் கேட்டாலும் தர மாட்டேன். இத்தனைக்கும் செலவு இரண்டு ரூபாய்.

இப்படியே விரிசல் வளர்ந்து, விளிம்போரம் அச்சின் ஒரு துண்டே பெயர்ந்து விழுந்தால், அந்த இடத்தில் எழுத்தும் உருவமும் இல்லாத மொட்டை மேடு வரும். அதை 'கட்' (cud) என்பார்கள். உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்பப் போய்விடுவதால், மறுபக்கத்தில் அதே இடத்தில் உருவம் மங்கியிருக்கும். கட் என்று யாராவது நீட்டினால் உடனே திருப்பிப் பாருங்கள்.

எழுத்தும் எண்ணும் இரண்டிரண்டாகத் தெரியும் 'இரட்டை' நாணயங்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1955ஆம் ஆண்டு ஒரு சென்ட் புகழ்பெற்றது, ஏனென்றால் அச்சிலேயே உருவம் இரண்டு முறை கோணம் மாறிப் பதிந்திருந்தது. நம் ஊரில் இரட்டை என்று விற்பவற்றில் பெரும்பாலானவை அடிக்கும்போது அச்சு லேசாக அசைந்ததால் வந்தவை. எழுத்தின் ஓரத்தில் தட்டையான படி மாதிரி தெரியும். அதற்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன்! வெளிச்சம். புகைப்படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும், கண்ணை அப்படி ஏமாற்றும். அதனால் கோட்டை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் ஆண்டு எண்ணைப் பாருங்கள். எண் மேடு என்பது நமக்குத் தெரியும். எண்ணின் எந்தப் பக்கம் பளிச்சென்று இருக்கிறதோ, கோட்டிலும் அதே பக்கம் பளிச்சென்றால் கோடும் மேடு. எதிர்ப்பக்கம் பளிச்சென்றால் அது கீறல். இணையத்தில் நாணயம் வாங்குகிறவர்களுக்கு இந்த ஒன்று போதும்.

எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் பூவையும் தலையையும் அனுப்புங்கள். விளக்கை ஒரு பக்கமாக மட்டும் வைத்து எடுங்கள். எடையையும் எழுதுங்கள், இந்த எஃகு ஒரு ரூபாய் என்றால் 4.85 கிராம் இருக்க வேண்டும். தயவுசெய்து அனுப்புவதற்கு முன் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.