பயம் பறித்ததைத் திருப்பிக் கொடுங்கள்

(பினாங்கில், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

கீமோ ஏற்றி முடித்துக் கணவரையோ மனைவியையோ வீட்டுக்கு அழைத்து வந்த அன்றே பல வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. முட்டை கூடாது, கோழி கூடாது, வெளியே போகக் கூடாது, பேரப்பிள்ளையைத் தூக்கக் கூடாது, ஒரே கட்டிலில் படுக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா ஒன்று சேர்ப்பார். வாட்ஸ்அப்பில் வந்தது இரண்டு சேரும். கடைசியில் நோயாளிக்கு மிஞ்சுவது மாத்திரையும் கட்டிலும்தான். இந்தத் தடைகளில் சில உயிரைக் காப்பவை; அவற்றில் இம்மியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மீதியெல்லாம் பயம் போட்ட தடை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால், காலைத் தேநீர், கடற்காற்று, பேரப்பிள்ளையின் கை என்று அன்றாடச் சந்தோஷங்களில் பெரும்பாலானவற்றை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கலாம்.

கட்டிலிலிருந்தே தொடங்குகிறேன். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே போர்வையில் படுத்தாலும் ஒட்டாது. கீமோ மருந்தின் எச்சம் சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறுவது உண்மை. பெரும்பாலான மருந்துகளுக்கு அது முதல் 48 மணி நேரம்; சிலவற்றுக்குக் கூடுதலாக இருக்கும், தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கழிப்பறை மூடியை மூடிவிட்டு இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும், தெறிக்காது. வாந்தியையோ அழுக்கான விரிப்பையோ எடுக்கும்போது கையுறை போடுங்கள், அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். தாம்பத்திய உறவு என்றால் அந்த நாட்களில் ஆணுறை அவசியம். சிகிச்சைக் காலம் முழுவதும் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். அவ்வளவுதான். கை பிடிக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், பக்கத்தில் படுத்துத் தூங்கலாம்.

வெளியிலிருந்து இயந்திரத்தால் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர் உடம்பிலும் கதிர் தங்குவதில்லை. அவர் மடியில் குழந்தை தாராளமாக உட்காரலாம். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் விழுங்கியவர்கள், உடம்புக்குள் கதிர் மூலம் வைக்கப்பட்டவர்கள் வேறு. எத்தனை நாள், எவ்வளவு தூரம் விலகியிருக்க வேண்டும் என்று மருத்துவமனையே எழுதிக் கொடுக்கும். அப்படி ஒரு தாளை மருத்துவமனை தராதபோது கணவன் ஓர் அறை, மனைவி ஓர் அறை என்று பிரிந்து படுப்பது, சிகிச்சை கேட்காத ஒரு தண்டனை.

அடுத்தது நாட்காட்டி. 21 நாளுக்கு ஒரு முறை கீமோ என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு முறை, 14 நாளுக்கு ஒரு முறை என்றும் உண்டு. கணக்கு அதற்கேற்ப மாறும். முதல் சில நாட்கள் குமட்டலின் நாட்கள். குமட்டலுக்காகத் தரும் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த மாத்திரையைக் காலையில் போடலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். அந்த மாத்திரை நின்றதும் ஓரிரு நாள் உடம்பு துவளும், எரிச்சல் வரும். அது உங்கள் மேல் உள்ள கோபமல்ல. ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை, தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும். தொற்று வரும் ஆபத்து மிகுந்த நாட்கள் இவைதான். மூன்றாவது வாரத்தில் உடம்பு தேறும், வாய்க்கு ருசி திரும்பும். அடுத்த ஊசிக்கு முந்தைய இந்த வாரத்தை நாட்காட்டியில் பச்சை மையால் வட்டமிடுங்கள். வெளியே போவது, விருந்தாளி வருவது, பிடித்த கறி வைப்பது எல்லாம் அங்கே போகட்டும்.

பிடித்த கறி என்றேன். இதில் அன்பினாலேயே ஒரு தவறு நடக்கிறது. ஊசி போட்டு வந்த அன்று, பாவம் என்று அவருக்கு உயிரான மீன் குழம்பை வைத்துத் தருகிறோம். அவர் இரண்டு வாய் சாப்பிட்டு வாந்தி எடுக்கிறார். மூளை அந்த வாந்தியையும் அந்தக் குழம்பையும் முடிச்சுப் போட்டுவிடும். பிறகு மாதக்கணக்கில் அந்த வாசனையே ஆகாமல் போகலாம். ஆகவே முதல் நாட்களில் அவருக்குப் பெரிய ஆசை இல்லாத எளிய உணவு கொடுங்கள்: இட்லி, கஞ்சி, ரொட்டி. சூடு ஆறியதும் கொடுத்தால் வாசனை குறையும், குமட்டலும் குறையும். தாளிப்பதை அவர் படுத்திருக்கும் அறையிலிருந்து தள்ளி, சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். உயிரான குழம்பைப் பச்சை வட்டத்துக்கு வைத்திருங்கள்.

இப்போது அடுப்படிக்கு வருவோம், ஏனென்றால் தடைகள் அதிகம் குவிவது அங்கேதான். முட்டை கூடாதா? கோப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டைதான் கூடாது. சால்மோனெல்லா என்ற கிருமியின் பயம் உண்டு. மஞ்சள் கரு கெட்டியாகும்வரை அவித்த முட்டை நல்லது. காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவிய ரொட்டி, அவித்த முட்டை, சூடான கோப்பி என்று அதே காலை உணவை வீட்டு மேசையில் வைக்கலாம். சார் கொய் தியாவ் என்ற வறுத்த அரிசி நூடுல்ஸா? அதில் ஆபத்து கெராங் சிப்பியும் பாதி வெந்த தவ்கே என்ற முளைப்பயறும்தான். கெராங் இல்லாமல், தவ்கே நன்றாக வதங்கும்வரை வீட்டில் வறுத்து, சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தால் சாப்பிடலாம். நாசி கண்டார் சோற்றுக் கடையில் மணிக்கணக்காக ஆறிக் கிடக்கும் குழம்புதான் சிக்கல்; அப்போதுதான் கொதித்து இறங்கிய குழம்பில் அந்தச் சிக்கல் இல்லை. பச்சைக் காய், பழம், இலை சேரும் பசெம்போர், ரோஜாக், உலாம் மூன்றும் சிகிச்சை முடியும்வரை காத்திருக்கட்டும். செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பின் மேல் ஆசை வந்தால் வீட்டில் செய்யுங்கள். கொதிக்க வைத்த தேங்காய்ப்பால், காய்ச்சி வடிகட்டிய குலா மலாக்கா வெல்லப் பாகு, கொதித்து ஆறிய தண்ணீரில் உறைய வைத்த ஐஸ். ஆனால் ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவருக்குச் சில நாட்கள் குளிர்ந்த எதையும் தராதீர்கள். தொண்டை இறுகுவது போலவும் விரல்கள் மின்சாரம் பட்டது போலவும் இருக்கும், மிகவும் பயந்துபோவார்.

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் வடித்த சோற்றை மேசையில் மூடி வைத்து ராத்திரிவரை சாப்பிடுவது நம் வீடுகளின் வழக்கம். வெந்த சோற்றிலும் பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துக்கள் உயிரோடு இருக்கும். வெளியே வைத்த சோற்றின் வெதுவெதுப்பில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பது பொது விதி. வெளிச்சூடு 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம். பினாங்கின் நண்பகலுக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரைஸ் குக்கரின் சூடு 60 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் அதிலேயே இருக்கட்டும்.

கோழியையும் மீனையும் நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் அதிகக் கெடுதல். சிகிச்சையில் இருப்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும்: எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், 100 கிராம் கெம்போங் மீனில் ஏறத்தாழ 20 கிராம் என்று கணக்குப் பாருங்கள். வெறும் ரசமும் சோறும் எங்கே எட்டும்? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்த அளவை மருத்துவர் சொல்லட்டும்.

நாக்கில் இரும்பு ருசி அடித்தால் உலோகக் கரண்டியை மாற்றி மரக்கரண்டி கொடுங்கள், எலுமிச்சை பிழியுங்கள். வாய்ப்புண் வந்துவிட்டால் புளிப்பும் காரமும் நிற்கட்டும். ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா, அரைக்கால் தேக்கரண்டி உப்பு கலந்து நாளில் பல முறை கொப்பளிக்கச் சொல்லுங்கள். பம்பளிமாசு வாங்கி வருபவர்கள் உண்டு. சில மருந்துகளின் அளவை அது இரத்தத்தில் ஏற்றிவிடும். மருந்தாளரைக் கேட்காமல் உரிக்காதீர்கள். நாட்டு மருந்துக் கஷாயத்துக்கும் இதே விதி.

வெளியே போவதைப் பற்றி. நம் தாவரவியல் பூங்கா 1884இல் தொடங்கியது. ஆங்காங்கே உட்கார்ந்து நடக்கத் தோதான இடம். காலை ஏழு மணிக்குப் போய்விடுங்கள்; கூட்டமும் இல்லை, வெயிலும் இல்லை. கீமோ மருந்துகள் சிலவற்றால் தோல் வெயிலைத் தாங்காது, தொப்பி அவசியம். முதல் நாள் பத்து நிமிடம் போதும், திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்து. களைத்த பிறகு திரும்பலாம் என்று நினைத்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். கையில் தின்பண்டம் வேண்டாம், குரங்குகள் பிடுங்கும். அவரைக் குரங்கு கீறக் கூடாது. தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். இரத்தம் குறைந்திருக்கும்போது அது முடியாது, முயலவும் கூடாது. அதே சாலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டத்தை விட்டு, வேறொரு நாள் காலையில் பத்து நிமிடம் நின்று கும்பிட்டு வரலாம். கொடிமலைக்கு (பினாங் ஹில்) 1923 முதல் ரயில் ஓடுகிறது. வாரநாளில் முதல் வண்டிகளில் ஏறினால் வரிசை சிறியது, மேலே குளிர்ச்சி. நான் பரிந்துரைப்பது பாடாங் கோத்தாவின் கடற்கரைச் சுவரைத்தான். காடியை விட்டு இறங்கியதும் உட்காரலாம், வேண்டும்போது உடனே கிளம்பலாம்.

இத்தனைக்கும் ஒரு காவல் உண்டு: காய்ச்சல்மானி. உடம்பு சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், குளிர் நடுக்கம் எடுத்தால், அது நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதலில் பெனடால் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒருபோதும் செய்யாதீர்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்று உள்ளே வளரும். வெள்ளணு இல்லாத உடம்பில் சில மணி நேரமே உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்கும். அவசரப் பிரிவின் முகப்பில் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது: "கீமோவில் இருக்கிறார், இன்ன தேதியில் ஊசி போட்டது, காய்ச்சல்." சிகிச்சை அட்டையும் மருந்துப் பட்டியலும் ஒரு பையில் கதவருகே தொங்கட்டும். தீவுக்கு எதிரே பட்டர்வொர்த், பிறைப் பக்கம் இருப்பவர்கள், தீவுக்கு வரும் பாலம் நெரிசலாக இருந்தால் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். இந்த ஏற்பாடு சரியாக இருந்தால்தான் மற்ற நாட்களில் பயமில்லாமல் சிரிக்க முடியும்.

பேரப்பிள்ளைகள் வரட்டும். இருமல், சளி, காய்ச்சல் இல்லாத பிள்ளை, சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவிவிட்டுத் தாத்தா மடியில் ஏறட்டும். நலம் விசாரிக்க வருபவர்களுக்கு அரை மணி நேரம் போதும், அதை வீட்டுக்காரர் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நோயாளி சொல்ல மாட்டார். "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பதையும் நிறுத்துங்கள். மருந்து நேரத்தைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டி, போட்டதும் கோடிடுங்கள். கேள்வி அங்கே போய்விட்டால் உங்கள் இருவருக்கும் பேச வேறு விஷயம் கிடைக்கும்.

தீபாவளி வருகிறது. ஊசி நாள் அதன் மேல் விழுந்தால் ஓரிரு நாள் நகர்த்தலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சில சிகிச்சைகளில் முடியும், சிலவற்றில் கூடாது. கூடாது என்றால் ஊசியை நகர்த்தாதீர்கள், பண்டிகையை நகர்த்துங்கள். இந்நாட்டில் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு வாரக்கணக்கில் நடக்கிறது, யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. பச்சை வட்டமிட்ட வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் வைத்துக் குளிக்கட்டும். கையில் மருந்து ஏற்றும் பிக் குழாய் (PICC) இருந்தால் நீர் புகாத உறையால் மூடி, அந்தக் கையை வெளியே நீட்டிக்கொண்டு குளிக்க வேண்டும். மார்பில் தோலுக்கடியில் மருந்து ஏற்றும் போர்ட் பொருத்தியிருந்து, புண் ஆறி, ஊசியும் எடுத்தாயிற்று என்றால் தாராளமாக நனையலாம். முடி கொட்டிய தலைக்கு வெதுவெதுப்பான நீர் போதும், சீயக்காய் வேண்டாம், உரசும். முறுக்கு சுடுவதை மட்டும் முந்தைய நாளே வெளி அடுப்பில் முடித்துவிடுங்கள்.