நேரம் கூடிப்போன வருஷம்

(திருச்சியில், தடகளப் பயிற்சி பெறும் பள்ளி மாணவிகளின் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வந்திருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், எங்கள் பிள்ளைகளுக்காக வெயிலில் நிற்கும் பி.டி. சார்களுக்கும் டீச்சர்களுக்கும் வணக்கம்.

நான் துவாக்குடியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பிளஸ் ஒன் படிக்கிறாள், 800 மீட்டர் ஓடுகிறாள். சின்னவள் எட்டாவது, 400, 600 ஓடுகிறாள். என் மனைவி நர்ஸ், நைட் டியூட்டி அதிகம். அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு பேரையும் எழுப்பி, வண்டியில் வைத்து மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது ஆறு வருஷமாக என் வேலை. கையில் ஸ்டாப் வாட்ச் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலில் காய்ப்பே வந்துவிட்டது.

என் தொழிலில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினால் பேரிங் ஷாஃப்ட்டில் உட்காராது. அதனாலோ என்னவோ பி.டி. உஷாவின் ஓட்டம் என் மனதை விட்டுப் போனதே இல்லை. 1984, லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக், 400 மீட்டர் தடை ஓட்டம். நாலாவதாக வந்த உஷாவுக்கு 55.42 விநாடி. மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணுக்கு 55.41. உஷா எடுத்த அந்த 55.42தான் அப்புறம் 39 வருஷம் இந்தியச் சாதனையாக நின்றது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் முதல் சுற்றில் அச்சு அசலாக அதே 55.42 ஓடினார். மறுநாள் இறுதிப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அவரோடு கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை ஓட்டக்காரர், அவருடையது 100 மீட்டர். அன்றைக்கு எங்கள் வீட்டில் டி.வி. முன்னால் இரண்டு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெயித்த கதையைப் பேச எல்லாரும் இருக்கிறார்கள். நான் பேச வந்தது நேரம் கூடிப்போன ஒரு வருஷத்தைப் பற்றி. உங்கள் வீட்டிலும் அந்த வருஷம் வரும். சில வீடுகளில் இப்போதே வந்திருக்கும்.

பெரியவள் ஒன்பதாவது படிக்கும்போது பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கிற குறுவட்டப் போட்டியில் ஜெயித்தாள், அதற்கு அடுத்த வருவாய் மாவட்டப் போட்டியிலும் முதலாவதாக வந்தாள். 800 மீட்டர், 2 நிமிஷம் 29 விநாடி. மாநிலப் போட்டிக்குப் போய் ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றோடு திரும்பி வந்தாலும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வருஷத்துக்கு ஐந்து விநாடி குறைந்தால் பன்னிரண்டாவது முடிக்கும்போது எங்கே நிற்பாள் என்று பட்டறைச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டு வைத்தேன்.

பத்தாவது வந்தது. ஜூலையில் குறுவட்டம். அதே பிள்ளை, ஆணி வைத்த அதே ஸ்பைக்ஸ் ஷூ, ஒரு நாள் தவறாத பயிற்சி. 2 நிமிஷம் 34 விநாடி. வாட்ச்தான் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன். அங்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஒருவர், என் எதிரிலேயே அவளைப் பார்த்து, "வெயிட் போட்டுட்டே. ராத்திரி சோத்தை நிறுத்து" என்றார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ராத்திரிச் சாப்பாடு நின்றது. அப்புறம் காலை இட்லி நாலு இரண்டாகியது. ஆறு வாரத்தில் 2:30 ஓடினாள். பார்த்தீர்களா, சரியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்குப் பிடித்த பாதாம் பால் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று தங்கச்சியிடம் கொடுத்துவிட்டாள். அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

இன்னும் மூன்று வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி. தைலம் தேய்த்தோம், ஐஸ் வைத்தோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி காலைப் பற்றியே இல்லை. "பொண்ணுக்கு மாசாமாசம் பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?"

எனக்குத் தெரியவில்லை. 400 மீட்டரை எத்தனை விநாடியில் கடந்தாள், கடைசி 200க்கு எவ்வளவு எடுத்தாள், எல்லாம் என் நோட்டில் இருந்தது. இது இல்லை. அவள்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மூணு மாசமா வரலை."

அப்பாக்கள் சில பேர் தலையைக் குனிவது தெரிகிறது. குனிய வேண்டாம். மகளின் ஓட்டத்தைப் பேச உரிமை உள்ளவன் இதையும் பேசத்தான் வேண்டும்.

டாக்டரம்மா அன்றைக்கு எனக்கு விளங்க வைத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பன்னிரண்டு வயது வரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதற்குப் பிறகு பையன் உடம்பில் ஊறுகிற ஹார்மோன் அவனுக்குச் சதையைக் கூட்டி ஓட்டத்துக்குத் துணை செய்கிறது. பெண் பிள்ளைக்கு இடுப்பெலும்பு அகலும், உடம்பில் கொழுப்பு சேரும், எடை கூடும். புதிய உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடக் கால்கள் பழக வேண்டும். ஒரு வருஷம், சில பேருக்கு இரண்டு வருஷம், நேரம் அப்படியே நிற்கும். சில பேருக்குக் கூடும். அது நோயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அந்தச் சமயத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் உடம்பு தனக்குத் தேவையில்லை என்று நினைப்பதை ஒவ்வொன்றாக நிறுத்தும். முதலில் மாதவிலக்கு நிற்கும். எலும்புக்குக் காவலாக இருக்கிற ஹார்மோன் குறையும். எலும்பில் விரிசல் விழும். ஆயுசு முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பு பெரும்பகுதி சேர்வது இந்த வயதில்தான். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டிய மருத்துவர்கள், விளையாட்டு வீரர்களுக்கு வருகிற ஆற்றல் பற்றாக்குறை என்று இதற்குப் பெயர் கொடுத்து எச்சரித்தார்கள். பையன்களுக்கும் இது வரும் என்றார்கள். முதலில் சில மாதம் நேரம் குறைவதுதான் இதில் உள்ள மோசம். நான் பாதாம் பால் வாங்கிக் கொடுத்துக் கொண்டாடியது அதைத்தான்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு ஜெயித்தார். ஓடி முடித்த பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் கூப்பாடு போட்டன. பெண் உடம்புக்கு இந்தத் தூரம் தாங்காது என்று அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1960இல் ரோமில்தான் திரும்ப வந்தது. முப்பத்திரண்டு வருஷம்! 800 ஓடி முடித்தவர் யாரானாலும் மூச்சு வாங்கத்தான் செய்வார், ஆம்பளையும் குப்புற விழுவான். என் மகள் கோட்டைத் தாண்டிப் புல்லில் சாய்கிற ஒவ்வொரு தடவையும், "எதுக்குங்க பொம்பளைப் புள்ளைக்கு இந்தப் பாடு" என்று பக்கத்தில் யாராவது கேட்பார்கள். 1928இல் கேட்ட அதே குரல்.

சின்னவள் கதை வேறு. போன வருஷம் பயிற்சியில் பாதியிலேயே நிற்க ஆரம்பித்தாள். "கால் கனக்குதுப்பா" என்பாள். ஏமாற்றுகிறாள் என்று அதட்டினேன். அவள் அம்மாதான் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னாள். ஹீமோகுளோபின் 9.4. நம் நாட்டில் இது யார் வீட்டுப் பிள்ளைக்கும் உள்ளது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. தசைக்கு ஆக்சிஜனைக் கொண்டு போவது ரத்தம்தானே, அது குறைந்தால் கால் கனக்காமல் என்ன செய்யும்? பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று இவள் பையிலேயே வைத்திருந்தாள். பை நிறைய நீல மாத்திரை.

இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு டீ கிடையாது. டீ இரும்பு உடம்பில் சேர விடாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஈரல், கிடைத்தால் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். கறிக்கடை பாய் என்னைப் பார்த்ததும் எடுத்து வைத்துவிடுகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையோடு மூன்று மாதத்தில் 11.8 ஆனது. அதட்டின வார்த்தைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா, இப்ப ஓடுறேன்ல" என்றாள்.

உஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார், லாஸ் ஏஞ்சல்ஸில் நமக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயுமாக இருந்தேன் என்று. அந்த நூறில் ஒரு பங்கு விநாடியை இப்போது நினைத்தால் எனக்கு அந்தக் கஞ்சிக் கிண்ணமும் சேர்ந்து தெரிகிறது.

பெரியவள் எட்டு வாரம் ஓடவில்லை. அந்த எட்டு வாரத்தில்தான் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். "பத்தாவது பப்ளிக் எக்ஸாம் வேற. போதும்டா, நிறுத்திடு." நிறுத்துவதற்கு எல்லாம் சேர்ந்து வந்த நேரம் அது: நேரம் கூடிவிட்டது, காலில் அடி, பரீட்சை, வயசுக்கு வந்த பெண் டிரவுசர் போட்டு ஓடுகிறாள் என்கிற பேச்சு. இவளோடு ஆறாவதில் ஓட ஆரம்பித்த பதினோரு பெண்களில் இன்றைக்கு மூன்று பேர்தான் மைதானத்தில் இருக்கிறார்கள். மற்ற எட்டுப் பேரும் திறமை இல்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அவர்கள் ஓடினதை நான் கண்ணால் பார்த்தவன்.

நான் அவளிடமே கேட்டேன். "ஓடணும்ப்பா. ஆனா நீங்க கொஞ்ச நாள் வாட்ச் கொண்டு வராதீங்க" என்றாள். எட்டு மாதம் வாட்சை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். என்ன செய்வது என்று தெரியாமல் கைகள் தவித்தன. மெதுவாக ஓடினாள், நன்றாகச் சாப்பிட்டாள், மாதவிலக்கு திரும்பியது, பரீட்சை எழுதினாள்.

அந்தக் காலத்தில் ஒரு நாள் காலை, 400 மீட்டரில் தங்கச்சி அக்காவை முந்திவிட்டாள். வண்டியில் திரும்பும்போது ஒருத்தியும் பேசவில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பால்பண்ணை தாண்டும்போது பெரியவள் சொன்னாள்: "ரெண்டாவது வளைவுல தோளை இறுக்குறடி. தளர்த்து, இன்னும் வேகமா வருவ." நான் வண்டியை ஓரம் கட்டி, கண்ணில் தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் வருவாய் மாவட்டத்தில் ஓடினாள். 800இல் முதல் வளைவு வரை அவரவர் லேன், வளைவு முடிந்ததும் எல்லாரும் உள்ளே வெட்டி வருவார்கள். முழங்கை படும், ஸ்பைக்ஸ் கிழிக்கும். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும்போது ஐந்தாவதாக இருந்தாள். நான் எப்போதும் கடைசி 200 தொடங்குகிற இடத்தில் நிற்பேன். முன்பெல்லாம் அங்கே நின்று நேரத்தைக் கத்துவேன். அன்றைக்குப் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டேன். தோள் தளர்ந்திருந்தது. இரண்டாவதாக வந்தாள். 2 நிமிஷம் 26 விநாடி என்று மைக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு காரியம். நம் பிள்ளைகள் பயிற்சி செய்கிற மைதானத்தில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை இருக்கிறது. தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. அந்த நாட்களில் பிள்ளைகள் பயிற்சிக்கு வராததற்கு அதுதான் காரணம் என்று என் மகள்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை தண்ணீர் குடிக்காமலே ஓடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், எங்கே போவது என்கிற பயத்தில். ஒரு தாழ்ப்பாள், ஒரு குழாய், நாப்கின் போட ஒரு மூடி வைத்த கூடை, உடை மாற்ற ஒரு அறை. இவ்வளவும் கேட்டு மனு எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். வாசல் பக்கத்து மேசையில் பேனாவோடு இருக்கிறது. தாழ்ப்பாளை என் பட்டறையிலேயே செய்துவிட்டேன், அனுமதி கிடைத்த அன்றே மாட்டிவிடலாம். அப்பாக்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள்.