பழைய டேப், புதிய மிக்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் ‘டாக்ஸ்மேன்’ பாட்டை, 1966-ல் வந்த ஸ்டீரியோ வடிவத்தில், அதாவது ஒலியை இடது, வலது என்று பிரித்துத் தரும் வடிவத்தில், இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ், பேஸ், ரிதம் கிட்டார் மூன்றும் இடது காதை விட்டு நகரவே நகராது. இடது பக்கத்தைக் கழற்றினால் தாளமே போய்விடும். அதே ‘ரிவால்வர்’ ஆல்பத்தில் ‘எலினார் ரிக்பி’ இருக்கிறது. அதன் சரணங்களில் பால் மெக்கார்ட்னியின் குரல் வலது காதில் மட்டும் ஒலிக்கும். பஸ்ஸில் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு இயர்பட் வைத்துக் கேட்டால், ஒருவருக்குப் பாடகரே கிடையாது!

அந்தக் காலத்து எஞ்சினியர்களுக்கு வேலை தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1966-ல் பிரிட்டனில் பாப் இசை வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர்தான். எல்லா ஒலியும் ஒன்றாகவே வரும் மோனோவுக்குத்தான் மதிப்பு, மெனக்கெடலும் அதற்குத்தான். ஸ்டீரியோ, வசதியுள்ள சிலருக்காகக் கடைசியில் செய்து கொடுத்த உபரி வேலை. அந்த ஸ்டீரியோவை யாராவது ஒரு நாள் காதுக்குள்ளேயே செருகிக்கொண்டு கேட்பார்கள் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

இப்படிப்பட்ட பழைய ராக் பதிவுகளை இன்றைய காதுகளுக்காகத் திரும்பச் செப்பனிடுவது பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதில் ரீமாஸ்டர், ரீமிக்ஸ் என்று இரண்டு வேலைகள் உண்டு. ரீமாஸ்டர் என்றால், கலந்து முடித்த பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மொத்தமாக அதன் ஒலியைச் சரிசெய்வது. ரீமிக்ஸ் என்றால், குரல் ஒரு டிராக், டிரம்ஸ் ஒரு டிராக் என்று தனித்தனியாகப் பதிவான மூல டேப்புக்கே திரும்பிப் போய், முதலிலிருந்து கலப்பது. சினிமாவில் பழைய பாட்டுக்குப் புது பீட் போடுவார்களே, அது வேறு கதை.

ரீமாஸ்டரில் எவ்வளவு அடக்கம் வேண்டும் என்பதற்கு, 2009 செப்டம்பரில் வந்த பீட்டில்ஸ் தொகுப்பு நல்ல உதாரணம். லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் நான்கு வருடம் அந்த வேலை நடந்தது. மைக்கில் விழுந்த ‘பப்’ சத்தம், மின்சார ‘கிளிக்’, டேப் துண்டுகளை இணைத்த இடத்தில் மோசமான ஒட்டு ஆகியவற்றை நீக்கினார்கள். பாடுபவர் மூச்சு இழுப்பதையும் இருமுவதையும் தொடவில்லை. மொத்தம் 525 நிமிட இசையில், இரைச்சல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தியது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. டேப்பின் லேசான ‘ஸ்ஸ்’ சத்தத்தை முழுக்கத் துடைத்தால் டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டின் மினுக்கும் கூடவே போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் செய்த சிடிகளும் நிறையவே கடைக்கு வந்தன.

ரீமிக்ஸில் பொறுப்பு இன்னும் கூடுதல், வம்பும் கூடுதல். ‘அசலைத் தொடாதே’ என்று கோபப்படும் ரசிகர்களை எனக்குப் புரிகிறது. ஆனால் எது அசல்? 1967-ல் வந்த ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோனோ மிக்ஸ் நடந்தபோது பீட்டில்ஸ் உறுப்பினர்கள் பக்கத்திலேயே இருந்து இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னார்கள். ஸ்டீரியோ மிக்ஸை அவர்கள் இல்லாமலே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் எஞ்சினியர் ஜெஃப் எமரிக்கும் சீக்கிரமாக முடித்தார்கள். பிறகு மோனோ பிளேயர்கள் வழக்கொழிந்தன. குழு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுச் செய்த வடிவம் சேகரிப்பாளர்களிடம் ஒதுங்க, அவசரத்தில் செய்த வடிவம் உலகமெங்கும் ‘அசல்’ ஆகிவிட்டது.

2017-ல், ஆல்பத்தின் ஐம்பதாவது ஆண்டுக்காக, ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் அதைப் புதிதாக ஸ்டீரியோவில் கலந்தார். வழிகாட்டியாக அவர் எடுத்துக்கொண்டது பழைய மோனோவை. அதனால்தான் அந்த ரீமிக்ஸ் எனக்குத் துரோகமாகத் தோன்றவில்லை. குழுவின் முடிவுகளுக்கு அது பழைய ஸ்டீரியோவைவிட நெருக்கமாக இருக்கிறது.

ஒலி தெளிவானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அன்று ஆபி ரோட்டில் இருந்தவை நான்கு டிராக் மெஷின்கள். நாலும் நிறைந்துவிட்டால், அவற்றை ஒன்றிரண்டு டிராக்குகளாகச் சுருக்கி வேறொரு டேப்பில் ஏற்றுவார்கள். மீதி இடத்தில் புதிதாகப் பதிவார்கள். அப்படி ஒவ்வொரு நகல் எடுக்கும்போதும் இரைச்சல் ஏறும், கூர்மை இறங்கும். ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸ் இறுதி டேப்பை அடையும்போது களைத்துப்போயிருக்கும். நல்லவேளை, முதல் டேப்புகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். 2017-ல் அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றி, நொடி பிசகாமல் ஒன்றோடொன்று பொருத்தியதால், நகல் எடுக்காத டிரம்ஸே புதிய மிக்ஸில் கிடைத்தது. 1967-ல் எந்த ஸ்டூடியோவாலும் செய்ய முடியாத காரியம் அது.

‘ரிவால்வர்’ விஷயத்தில் இதுவும் உதவாது. ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் ஆரம்பத்திலேயே ஒரே டிராக்கில் பதிந்துவிட்டார்கள். போய் எடுப்பதற்கு அதற்கு முந்தைய டேப் என்று ஒன்று கிடையாது. தீர்வு வந்தது நியூசிலாந்திலிருந்து. 2021-ல் வந்த ‘கெட் பேக்’ என்ற பீட்டில்ஸ் ஆவணப்படத்துக்காக, இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஒலிக்குழு, ஒரே மைக்கில் குழம்பிக் கிடந்த பேச்சையும் கிட்டாரையும் கணினிக்குப் பயிற்சி கொடுத்துப் பிரித்தெடுத்தது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தை நாம் பாட்டில்தானே கேட்டிருக்கிறோம், இவர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். அந்த நுட்பத்தால் 2022 அக்டோபரில் ‘ரிவால்வர்’ புதிய மிக்ஸ் வந்தது. பீட்டில்ஸின் ஜான் லெனன் 1970-களின் கடைசியில் வீட்டில் கேசட்டில் பதிந்த ஒரு பாட்டை, பியானோ சத்தத்திலிருந்து அவர் குரலைப் பிரிக்க முடியாமல் 1995-ல் மற்ற மூவரும் கைவிட்டிருந்தார்கள். அதுவும் 2023 நவம்பரில் ‘நவ் அண்ட் தென்’ என்று வெளியானது.

இயந்திரம் பிரித்த ஒலி நூறு சதவீதம் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். தனியாகக் கேட்டால் ஓரங்கள் கொஞ்சம் மங்கும். எல்லாவற்றையும் திரும்பக் கலந்தபின் அந்த மங்கல் பாட்டுக்குள் மறைந்துவிடும்.

டேப் கையில் இருந்தால் மட்டும் போதாது, அது ஓடவும் வேண்டும். 1970-களின் நடுவிலிருந்து வந்த சில அமெரிக்க டேப்புகளில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். மெஷினில் மாட்டினால் கீச்சிட்டுக்கொண்டு, பூச்சு உரிந்து வரும். அதற்கு வைத்தியம், சுமார் 50 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக டேப்பை அடுப்பில் வைப்பது. நம்பச் சிரமம்தான், ஆனால் உண்மை. அந்தப் பலன் கொஞ்ச காலம்தான் நிற்கும். அதற்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும்.

சரி, கெட்டுப்போன கதைகளுக்கும் வருவோம். 1990-களில் சிடி கம்பெனிகளுக்குச் சத்தப் பைத்தியம் பிடித்தது. பாட்டின் மெல்லிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களின் தலையைச் சீவி, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் நிறுத்தினார்கள். அடுத்தவன் சிடியைவிட நம் சிடி சத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ‘ரீமாஸ்டர்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்த பல பழைய ஆல்பங்களும் இதில் மாட்டின. (வானொலியும் என் குரலை, இதே வேலையைச் செய்யும் கம்ப்ரஸர் என்ற கருவி வழியாகத்தான் உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, ஆகவே ரொம்பக் குறை சொல்லக் கூடாது.) இன்று ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகின்றன. நசுக்கிய பாட்டுக்குக் கிடைத்துவந்த லாபம் போயிற்று, நசுங்கல் மட்டும் மிச்சம்.

அமெரிக்கப் பாடகர் இக்கி பாப்பும் அவருடைய குழுவான த ஸ்டூஜஸும் தந்த, 1973-ல் வெளியான ‘ரா பவர்’ ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பாடகர் டேவிட் போவி கலந்தார். 24 டிராக் டேப்பில் மூன்றே மூன்று டிராக்தான் நிரம்பியிருந்தது, குழு ஒன்றில், லீட் கிட்டார் ஒன்றில், குரல் ஒன்றில் என்று போவி பின்னாளில் சொன்னார். 1997-ல் இக்கி பாப்பே அதை மறுபடி கலந்தார். ஒலி அளவு காட்டும் மீட்டரின் ஊசி சிவப்பை விட்டு இறங்காத அளவுக்குச் சத்தம். பாடியவரே செய்தது, கேள்வி கேட்க நாம் யார் என்று விட்டுவிடலாமா? ரசிகர்கள் விடவில்லை. மெலிந்து ஒலித்தாலும் போவியின் மிக்ஸும் வேண்டும் என்றார்கள். 2010-ல் அதுவும் திரும்பக் கடைக்கு வந்தது. எனக்கும் இரண்டும் வேண்டும்.

ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களுக்கு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பேஸ் வாசித்த பாப் டெய்ஸ்லிக்கும் டிரம்ஸ் வாசித்த லீ கெர்ஸ்லேக்குக்கும் ராயல்டி வழக்கு இருந்த சமயம். 2002 மறுவெளியீட்டில் அவர்கள் வாசித்ததை அழித்துவிட்டு, வேறு இருவரை வைத்து வாசிக்கச் செய்து சேர்த்தார்கள். உறையில் அதே பெயர், அதே படம். வாங்கியவருக்குக் கிடைத்ததோ வேறு வாசிப்பு. 2011-ல்தான் அசல் வாசிப்பு திரும்பி வந்தது. இடைப்பட்ட ஒன்பது வருடம் அந்த மறுவெளியீட்டை வாங்கிப் புதிதாகக் கேட்க வந்த ஒரு பையனுக்கு அந்த டிரம்ஸ் அதில் கிடைத்திருக்காது.

ஆகவே நான் ரீமிக்ஸுக்கு எதிரி இல்லை. நான் கேட்பதெல்லாம், புதியது வரும்போது பழையதும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும், எது எது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும் என்பதுதான். பீட்டில்ஸ் வெளியீடுகளில் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள். ஆன்லைனில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘2009 ரீமாஸ்டர்’ என்றோ ‘2017 மிக்ஸ்’ என்றோ போட்டிருக்கும்.

முடிந்தால் இன்று இரவு ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாட்டை இந்த இரண்டு வடிவத்திலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 1967 மோனோவில் டேப்பை வேகமாக ஓட்டியிருந்தார்கள், ஸ்டீரியோவில் அப்படிச் செய்யவில்லை. 2009 ரீமாஸ்டர் அந்தப் பழைய ஸ்டீரியோவின் வேகத்திலேயே போகும். 2017 மிக்ஸ் மோனோவைப் பின்பற்றுவதால் ஏறக்குறைய அரை சுருதி மேலே நிற்கும். ஹார்ப் தொடங்கும்போதே வித்தியாசம் தெரிந்துவிடும். உங்களுக்கு எது பிடித்தது என்று நிலையத்துக்கு எழுதுங்கள்.

வணக்கம்.