கன்னி நாயும் செங்கோட்டை மலைப்பாதையும்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலை ரயில் பாதையை ஒரு நாள் நாயோடு போய்ப் பார்ப்பது பற்றி இன்றைக்குப் பேசப் போகிறேன். நாயோடு எதற்கு என்று கேட்பீர்கள். காரில் நாம் மட்டும் போனால் நேராகத் தென்மலை அணைக்கட்டில்தான் வண்டி நிற்கும். நாய் கூட இருந்தால் அங்கங்கே இறக்கிவிட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். அப்படி நிற்கிற இடங்களில்தான் இந்தப் பாதை நம் கண்ணில் படுகிறது.

பாதை திறந்தது 1904-இல். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் பக்கம் வந்தது. மலையைக் குடைந்து, பள்ளங்களில் கருங்கல் வளைவு கட்டிப் போட்ட பாதை. நூறு வருசத்துக்கு மேல் அதில் மீட்டர் கேஜ் என்கிற குறுகிய பாதை வண்டி ஓடியது. 2010-இல் நிறுத்தினார்கள். அகலப் பாதையாக மாறி 2018-இல்தான் மறுபடி மலை ஏறியது. அந்த இடைப்பட்ட வருசங்களில் சின்ன ரயிலை நினைத்து ஏங்கியவர்கள் தென்காசி வட்டாரத்தில் நிறைய உண்டு. நானும் அதில் ஒருத்தன்.

நாயை ரயிலிலேயே ஏற்றலாமே என்றால், அதற்கு விதி இருக்கிறது. ஏசி முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நமக்கென்று எடுத்தால் கூடவே வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பார்சல் ஆபீசில் பதிவு செய்து, கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் விட வேண்டும். பகல் பாசஞ்சரில் முதல் வகுப்பே கிடையாது. அதனால் மிஞ்சுவது கூண்டுதான். ஊர் மாறிப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, சரி. ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போகும் நாயை இரும்புக் கூண்டில் அடைக்க எனக்கு மனம் வராது. பிரிட்டனில் பழைய ரயில் பாதைகளைத் தொண்டர்களே எடுத்து நடத்துகிறார்கள். வேல்ஸில் டாலிலின் (Talyllyn) பாதையை 1951-இல் அப்படி முதன்முதலில் எடுத்தார்கள். இன்று அந்த மாதிரிப் பல பாதைகளில் நாயும் பயணிகளோடு பெட்டியில் ஏறிக்கொள்கிறது. நம் மலைப்பாதையிலும் விடுமுறை நாளில் ஒரு பெட்டியை இதற்கென்று ஒதுக்கலாம். ரொம்ப நாளாக என் மனதில் கிடக்கும் ஆசை இது.

அதுவரைக்கும் சாலை வழிதான். எங்கள் ராணி கன்னி நாய், கறுப்பு உடம்பு, புருவத்தில் செம்பொட்டு. கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துக் கரிசல் காட்டு இனம். இந்த நாய்களுக்குத் தலை ஒடுங்கலாக இருக்கும், கழுத்துப் பட்டையை ஒரு உதறலில் கழற்றிவிடும். அதனால் மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டைதான் போட வேண்டும். ஓடுகிற எதைப் பார்த்தாலும் துரத்துவது இதன் ரத்தத்தில் இருக்கிறது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் கயிற்றை ஒரு நொடிகூட விடக்கூடாது.

பகவதிபுரம்தான் தமிழ்நாட்டுப் பக்கம் கடைசி ஸ்டேஷன். எதிரே மலை, கணவாய்க் காற்று. சாரல் காலத்தில் போனால் நாய்க்கும் நல்லது. உடம்புச் சூட்டை அது நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் தணிக்க வேண்டும். சித்திரை வெயிலில் கூட்டிப் போவது பாவம். பிளாட்பாரத்துக்குள் நாயோடு போவதற்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ராணியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"கன்னிதானே அண்ணாச்சி? வயிறு எப்படி ஒட்டியிருக்கு பாருங்க. இதுக்கு முயல் காட்டுனீயளா?"

"அதெல்லாம் கூடாது அண்ணாச்சி, ரயில்தான் காட்டுறோம்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முயல் வேட்டை சட்டப்படி குற்றம் என்று அவருக்கும் தெரியும்.

புளியரை தாண்டி, கோட்டைவாசல் கருப்பசாமியைக் கும்பிட்டு மேலே ஏறினால் ஆரியங்காவு. குரங்குகள் உள்ள வழி, கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். அப்புறம் கழுதுருட்டி தாண்டியதும் பதிமூன்று கண் பாலம், சாலையை ஒட்டியே. வரிசையாகக் கருங்கல் வளைவுகள். இடுக்கில் பாசி. இன்றைக்கும் இதன் மேல்தான் வண்டி போகிறது.

நாங்கள் சாலையோரத்தில் நின்றோம். எங்கள் காதில் ஒன்றும் விழவில்லை. ராணி மட்டும் சட்டென்று எழுந்து, காதை மடித்து, முன்னங்காலில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பின்தொடை நடுங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஹார்ன் கேட்டது. கொல்லம் மெயில். பெட்டிகள் மெதுவாக வளைவுகளுக்கு மேலே ஊர்ந்து போயின. கடைசியில் இன்னொரு எஞ்சின்; இந்த மலையில் வண்டிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் வேண்டும். ராணி குரைக்கவில்லை. தலையை மட்டும் ஒவ்வொரு பெட்டியோடும் திருப்பினாள். ஜன்னலிலிருந்து ஒரு குழந்தை அவளுக்குக் கை காட்டியது.

பாலத்தின் மேலே ஏறி நின்று படம் எடுக்கிறவர்களையும் பார்த்தேன். தயவுசெய்து செய்யாதீர்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால் ரயில்வே சட்டப்படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம். அதைவிட, பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டால் நாயைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க இடமில்லை.

திரும்பும்போது பிரானூர் பார்டர் பரோட்டாவை விட முடியுமா? நமக்குச் சரி. சால்னாவை மட்டும் நாய்க்கு ஊற்றிவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கடைக்காரரிடம் சொன்னால் மசாலா இல்லாமல் கோழியை அவித்துத் தருவார்; எலும்பை நீக்கிக் கொஞ்சமாகக் கொடுங்கள். மார்பு ஆழமான இனங்களுக்கு வயிறு நிறையத் தின்றதும் ஓட்டமும் குதியும் ஆகாது, வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும்.

கிளம்பும் முன்பே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று ஊசிப் பதிவுச் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் கால்விரல் இடுக்கு, காதின் உட்புறம், அக்குள் எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். தென்மலைப் பக்கம் மழைக்காலத்தில் அட்டை உண்டு, உண்ணியும் உண்டு. அட்டை ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காதீர்கள். அதன் வாய்ப் பக்கமாக நகத்தை நுழைத்து மெல்ல நெம்பினால் விட்டுவிடும்.

வணக்கம்.